கொசுவர்த்திச் சுருளா, திரவக் கொசுவிரட்டியா, வலையா?

இரவில் கொசுவை விரட்ட நம் வீடுகளில் கொளுத்தும் சுருளிலும், மின்சாரத்தில் செருகும் திரவத்திலும் இருப்பவை பெரும்பாலும் அல்லெத்ரின், டிரான்ஸ்ஃப்ளூத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை மருந்துகளே. கொசுவின் நரம்பை முடக்கும் இவற்றை மனித உடல் ஓரளவு விரைவாகச் சிதைத்து வெளியேற்றிவிடும் என்பதால், எதில் தீங்கு அதிகம் என்பதை மருந்தின் பெயரைவிட அது அறைக்குள் பரவும் விதத்தைக் கொண்டே எடைபோட வேண்டியிருக்கிறது.

சுருளில் மருந்தின் பங்கு மிகச் சிறியது. மற்றதெல்லாம் மரத்தூள், சிரட்டைத் தூள், பசை போன்றவை. விடிய விடியக் கனன்று புகைவது இவைதாம். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியாகும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்கு நிகரானவை என்றும், ஃபார்மால்டிஹைடு 51 சிகரெட்டுகள் வரை எட்டக்கூடும் என்றும் 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சன்னல்களைச் சாத்திவிட்டு, இளைப்பு உள்ள பிள்ளையின் கட்டிலடியில் சுருளைக் கொளுத்தி வைப்பதை என்னால் எவ்வகையிலும் ஏற்க முடியவில்லை. மெபர்ஃப்ளூத்ரின் என்னும் மற்றொரு பைரித்ராய்டு கலந்து, அரசின் பதிவு எண் இல்லாமல் விற்கப்படும் கொசு ஊதுபத்திகள் இதைவிட மோசமானவை. அவற்றில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று வாங்குபவர் அறிய வழியே இல்லை.

திரவத்தில் புகை இல்லை என்பது பெரிய நன்மை. ஆயினும் அடைத்த அறையில் இரவு முழுவதும் அந்த ஆவியைச் சுவாசிப்பவர்களில் சிலருக்குக் கண் எரிச்சலும் தொண்டைக் கரகரப்பும் உண்டாகின்றன. நான் அதிகம் அஞ்சுவது அந்தச் சிறு குப்பியைத்தான். மண்ணெண்ணெய் வகைக் கரைப்பானில் மருந்து கலந்திருப்பதால், தவழும் குழந்தை ஒரு மிடறு குடித்துவிட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கி அழற்சியை உண்டாக்கக்கூடும். அப்போது வாந்தி எடுக்கச் செய்யாமல், குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மீன்தொட்டியும் பூனையும் உள்ள வீடுகளில் கூடுதல் கவனம் தேவை. பைரித்ராய்டுகளை அவற்றால் தாங்க முடியாது.

மருந்து தோய்க்காத சாதாரணக் கொசுவலையில் புகையும் இல்லை, ஆவியும் இல்லை. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பதால், குழந்தையின் பகல் தூக்கத்துக்கும் வலையைக் கட்ட வேண்டும். விழித்திருக்கும் நேரத்துக்குச் சன்னல்களில் கம்பிவலை பொருத்துவதும், தொட்டி, பூந்தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு ஆகியவற்றில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுவதும் தேவை.