மாசக் கூட்டமா, வாட்ஸ்அப் குரூப்பா?

கடலூர், பாண்டி பக்கம் பெண்கள் உரிமை, பாலின சமத்துவம்னு ஃபீல்டுல வேலை பாக்குறவங்க நாலு பேர் கேட்டுட்டாங்க, ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கத்துக்க எது சரினு. நான் ரெண்டுலயும் இருக்கேன்.

செலவு: குரூப்புக்கு டேட்டா போதும். கூட்டம்னா பண்ருட்டிலேர்ந்து மஞ்சக்குப்பம் வர்ற அக்காவுக்கு பஸ், டீ, அரைநாள் கூலியும் போச்சு.

வேகம்: குரூப்தான். முந்திரி உடைக்கிற இடத்துல பாலியல் தொல்லை, எட்டு பேர்தான் வேலை, எங்க புகார் குடுக்கறதுனு ராத்திரி ஒருத்தங்க கேட்டாங்க, 10 பேருக்குக் கீழனா, வேலை இடத்துல பாலியல் தொல்லையத் தடுக்குற 2013 சட்டப்படி மாவட்ட உள்ளூர் கமிட்டி, 3 மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும்னு உடனே பதில் வந்துச்சு.

ரகசியம்: இங்க குரூப் சுத்தமா ஃபெயில். ஒரு ஸ்க்ரீன்ஷாட் போதும், பேரு ஊரு எதையும் போட்டுடாதீங்க, புகார் குடுத்தவங்க அடையாளத்த வெளிய விடுறது சட்டப்படியே தப்பு.

மனசு: போன கூட்டத்துல ஒரு அக்கா கேஸ் சொல்லிட்டே வந்தவங்க டம்ளர கீழ வச்சுட்டு அழுதாங்க, யாரும் ஒண்ணும் பேசல, பக்கத்துல இருந்தவங்க கைய புடிச்சுக்கிட்டாங்க, அவ்ளோதான். குரூப்புல இதுக்கு கும்பிடு எமோஜி வரும் (எனக்கு அந்த எமோஜியப் பாத்தாலே எரிச்சல்).

சட்டம், ஃபார்ம், 181 (பெண்கள் உதவி நம்பர்) அப்புறம் யாரக் கூப்பிடறதுனு அவசர டவுட்டுக்கு குரூப். புதுசா சேந்தவங்களுக்கும் கேஸ் பாத்து பாத்து ஓஞ்சவங்களுக்கும் கூட்டம். காசு இடிச்சா ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, ஒருதடவ கடலூர், ஒருதடவ வில்லியனூர்னு மாத்தி வைங்க.