பேக்மேன்: என் கை பழகியது ஒன்று, அசல் வேறொன்று

எனக்குப் பேக்மேன் (புள்ளிகளைத் தின்றுகொண்டே, துரத்தும் நாலு பேய்களிடமிருந்து தப்பிக்கும் ஆட்டம்) என்றால் 1980-இல் ஜப்பானிய கம்பெனி நாம்கோ வெளியிட்ட அந்த ஆளுயர மெஷின் கிடையாது, அதைச் சின்ன வயதில் நான் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் ஒரு வீடியோ கேம் செட் இருந்தது, அதில் சொருகும் மஞ்சள் கேசட்டின் மேல் பல்லாயிரம் கேம் இருப்பதாக எழுதியிருக்கும், உள்ளே போய்ப் பார்த்தால் இருபதோ என்னவோ தான் திரும்பத் திரும்ப வரும். அதில் வந்ததுதான் என் பேக்மேன். அது 1984-இல் ஃபேமிகாம் என்ற நின்டெண்டோவின் வீட்டு வீடியோ கேம் கருவிக்காக நாம்கோவே மாற்றிச் செய்த பதிப்பு, அதாவது போர்ட், என்று முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

நான்கு வருடமாக அந்த மெஷினில் இருந்த அசலை நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் விளையாடுகிறேன். 2017-இல் வந்த நாம்கோ மியூசியம் ஒன்று, 2021-இல் ஹாம்ஸ்டர் வெளியிட்ட ஆர்கேட் ஆர்கைவ்ஸ் பதிப்பு இன்னொன்று. முதல் வாரம் மானமே போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஆடுவேன் என்று வீட்டில் பீற்றிக்கொண்டவன், மூன்றாவது லெவலைப் பார்க்கவே திணறினேன்.

காரணம் திரைதான். அசல் மெஷினின் திரை நெட்டுக்குத்தாக இருக்கும், 224 பிக்சல் அகலம், 288 உயரம். அதில் பாதைக் கட்டம் மட்டுமே 248 பிக்சல் உயரம். ஃபேமிகாம் காட்டக்கூடிய உயரமோ மொத்தமே 240, ஆக ஸ்கோரை எல்லாம் தூக்கி வெளியே போட்டாலும் அந்தக் கட்டம் அப்படியே உள்ளே நுழையாது. அதனால் கட்டத்தை அமுக்கி, ஸ்கோரை வலது பக்கம் ஒதுக்கினார்கள். அமுக்கிவிட்டால் ஒவ்வொரு மூலையும் ஒரு நூல் தள்ளிப் போகிறது, நான் இத்தனை வருடம் மனப்பாடம் செய்திருந்தது அந்தத் தள்ளிப்போன மூலைகளை.

அசலில் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், அங்கே பேய்களிடம் அதிர்ஷ்டம் என்ற பேச்சே இல்லை. நாம் அதே நேரத்தில் அதே திருப்பம் திரும்பினால் அவையும் அதே வழியில்தான் வரும். நாம் பெரிய புள்ளியைத் தின்றதும் அவை நீலமாகி ஓடும்போது மட்டும் கண்டபடி திரும்புவது போலத் தெரியும், ஆனால் அந்தக் கணக்கும் ஒவ்வொரு லெவலிலும் ஒரே இடத்திலிருந்து தொடங்குவதால் அதையும் பழகிவிடலாம். பேட்டர்ன் போட்டு, அதாவது எந்த வழியில் எப்போது திரும்புவது என்று மனப்பாடம் செய்து, ஆடுகிறவர்களின் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது. அப்புறம் மூலை திரும்புவது. மூலை வருவதற்குக் கொஞ்சம் முன்பே ஜாய்ஸ்டிக்கைத் திருப்பிப் பிடித்தால் பேக்மேன் முனையை வெட்டிக்கொண்டு போவான், பேய்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. துரத்தல் இறுகும்போது உயிர் பிழைப்பது இந்தச் சில பிக்சலில்தான். பிங்க்கி என்ற பேய் நமக்கு நாலு கட்டம் முன்னால் குறி வைக்கும், ஆனால் நாம் மேல்நோக்கிப் போகும்போது புரோகிராமில் உள்ள ஒரு பிழையால் குறி இடது பக்கமும் நாலு கட்டம் நகர்ந்துவிடும். அந்தப் பிழையையும் சேர்த்துத்தான் பேட்டர்ன் வேலை செய்கிறது, யாராவது அதைத் திருத்தினால் நான் சண்டைக்குப் போவேன்.

அடாரி 2600 என்ற பழைய வீட்டுக் கருவிக்கு வந்த போர்ட்டை (1982) எமுலேட்டரில், அதாவது பழைய கருவிபோல நடிக்கும் மென்பொருளில், ஆடிப் பார்த்தேன். எல்லோரும் திட்டும் போர்ட்தான், திட்டுவதிலும் நியாயம் இருக்கிறது. நீலப் பின்னணி, புள்ளிகளுக்குப் பதில் கோடுகள், ஒரு ஓரத்தில் நுழைந்து எதிர் ஓரத்தில் வெளிவரும் சுரங்கம் இடவலமாக இருக்க வேண்டியது, மேலும் கீழும் இருக்கிறது. ஆனால் 4 கிலோபைட் கேசட், 128 பைட் ராம், ஒரு வரியில் காட்ட இரண்டே இரண்டு உருவம் என்கிற கருவியில் டாட் ஃப்ரை என்ற ஒரே ஆள் எழுதியது அது. நாலு பேயையும் ஒரே நேரத்தில் காட்ட முடியாமல் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் காட்டினார், அதனால்தான் அந்த மினுக்கல். பழைய குண்டு டிவியில் இது ஓரளவு மறையும், இன்றைய தட்டைத் திரையில் கண் வலிக்கிறது. இரண்டு நாளில் விட்டுவிட்டேன். அதே கருவிக்கு அப்புறம் வந்த மிஸ் பேக்மேன் 8 கிலோபைட், அது எவ்வளவோ தேவலை.

சரி, ஸ்விட்சில் எது? ஆட்டம் என்று பார்த்தால் இரண்டும் அசல்தான், பேட்டர்ன் இரண்டிலும் செல்லுபடியாகிறது. கூடவே கலாகா, டிக் டக் மாதிரி மற்ற நாம்கோ ஆட்டங்கள் எல்லாம் வேண்டும் என்றால் மியூசியம். எனக்கு ஆர்கேட் ஆர்கைவ்ஸ் பிடித்துவிட்டது, ஐந்தே நிமிடத்தில் எவ்வளவு எடுக்கிறாய் பார்ப்போம் என்கிற கேரவன் முறை அதில் இருப்பதால். சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று. எதை வாங்கினாலும் ஸ்விட்சை நெட்டுக்குத்தாக வைத்து ஆடுங்கள், கிடைமட்டத் திரையில் பாதி இடம் வீண். அனலாக் ஸ்டிக்கைத் தொடாதீர்கள், இது நாலே திசை உள்ள ஆட்டம், கட்டைவிரல் லேசாகச் சாய்ந்தால் திருப்பம் தவறிவிடும். நான் தனியாக ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கினேன், கம்பெனி பெயர் வேண்டாம், ஆறே மாதத்தில் இடது பக்கம் செத்துவிட்டது, இப்போது கதவு இடிக்காமல் முட்டுக் கொடுக்க உதவுகிறது.

போன பொங்கலுக்குத் தம்பி வந்திருந்தான். அவனுக்காக 2020-இல் வந்த நாம்கோ மியூசியம் ஆர்கைவ்ஸ் என்ற வேறொரு தொகுப்பை வாங்கினேன், அதில் நாங்கள் ஆடிய அதே ஃபேமிகாம் போர்ட் இருக்கிறது. ஆசையாக உட்கார்ந்தான், முதல் உயிர் போனதும், “அண்ணா, இதுல ஸ்பீடு ஏத்திட்டானுங்களா?” என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. யோசித்தால் விஷயம் எங்கள் பழைய செட்டில் இருந்தது. ஜப்பானில் டிவி நொடிக்கு 60 முறை படம் மாற்றும், நம் ஊர் டிவி 50 முறை, இங்கே விற்ற செட்டுகளும் அந்த 50-க்கே செய்தவை. ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அடி என்று எழுதப்பட்ட ஆட்டம், ஆகவே எங்கள் வீட்டில் பேய்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தன. இத்தனை வருடப் பீற்றல் அந்தப் பேய்களை நம்பி!

லேப்டாப்பில் எமுலேட்டரைத் திறந்து 50-க்கு மாற்றிக் கொடுத்தேன். தம்பி ஏழு லெவல் போனான், நடுவில் காபி ஆறிப்போனது.