காப்ரி நீலக் குகை: "எல்லாம் சேர்த்து" என்று விற்கப்படும் படகுப் பயணத்துக்குப் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

இத்தாலியில் நேப்பிள்ஸிலோ சொரெண்டோவிலோ தங்கி, அங்கிருந்து ஒரே நாளில் காப்ரித் தீவுக்குப் போய் நீலக் குகையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று திட்டமிட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்ற செப்டம்பரில் என் பெற்றோர், மனைவி, மகளுடன் அங்கே சென்றிருந்தபோது, சொரெண்டோவில் ஒரு சுற்றுலா முகவர் "நீலக் குகை உட்பட எல்லாம் சேர்த்து" என்று விற்ற படகுப் பயணத்தைத் தலைக்கு 95 யூரோ கொடுத்து வாங்கினோம். குகைக்குள் நாங்கள் போகவில்லை. அன்று யாருமே போகவில்லை. அலை எழுந்ததற்காக யார் மீதும் குறை சொல்ல முடியாது. ஆனால் குகை மூடியிருப்பதை மறைத்து எங்களைப் படகில் ஏற்றியதும், குகை திறந்திருந்தாலும் நாங்கள் தனியாகக் கட்டியிருக்க வேண்டிய கட்டணத்தை விலைக்குள் அடக்கம் என்று சொல்லி விற்றதும் அலையின் வேலை அல்ல.

இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்பது விளங்க வேண்டுமானால், குகையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அது தீவின் வடமேற்குக் கரையில் இருக்கிறது. வாய் சுமார் ஒரு மீட்டர் உயரம்தான்; ஆகவே பெரிய படகு எதுவும் உள்ளே போகாது. வெளியே நிற்கும் சிறிய துடுப்புப் படகுக்கு மாறி, அதன் அடித்தளத்தில் மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும். படகோட்டி அலை தாழும் நொடிக்காகக் காத்திருந்து, பாறையில் பிணைத்த சங்கிலியைப் பிடித்து இழுத்துப் படகை உள்ளே செலுத்துவார். வாய்க்குக் கீழே, நீருக்கடியில் இருக்கும் பெரிய திறப்பு வழியாகச் சூரிய ஒளி கடல்நீரில் வடிகட்டப்பட்டு உள்ளே வருவதால்தான் அந்த நீலம். 1826-இல் ஆகஸ்ட் கோபிஷ் என்ற ஜெர்மானியர் உள்ளே நீந்திச் சென்று எழுதிய பிறகு ஐரோப்பா முழுவதும் அதன் பெயர் பரவியது. ஆனால் ரோமப் பேரரசர் டைபீரியஸின் காலத்திலேயே அங்கே சிலைகள் வைத்து அலங்கரித்திருந்தார்கள். வாய் அவ்வளவு சிறியதாக இருப்பதால், சாதாரணமாக நாம் பொருட்படுத்தாத அலைகூட அதை அடைத்துவிடும். வடமேற்கிலிருந்து காற்று அடிக்கும் நாளில், சொரெண்டோவின் கரையில் வெயில் பளிச்சென்று அடித்து நீர் தட்டையாகத் தெரிந்தாலும், குகையின் முன்னால் படகுகள் நிற்க முடியாது. வெயிலை நம்பித்தான் பயணிகள் பணம் கட்டுகிறார்கள். விற்பவர்களும் அந்த நம்பிக்கையை வைத்தே விற்கிறார்கள்.

எங்களுக்கு விற்றவர் தாசோ சதுக்கத்துக்கு அருகே, நடைபாதையில் ஒரு சிறிய மேசையும் மடித்த வரைபடங்களும் வைத்துக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் கைகூப்பி "நமஸ்தே" என்றார். என் அம்மாவுக்கு அந்த ஒரு சொல்லிலேயே அவர் மீது மதிப்பு வந்துவிட்டது. குகை, காப்ரிக் கரையோரம் கடலில் நிற்கும் ஃபராலியோனிப் பாறைகளின் வளைவுக்குள் படகில் நுழைவது, கடலில் குளிக்க ஒரு நிறுத்தம், தீவில் சில மணி நேரம், அவர்கள் சொல்லும் உணவகத்தில் சலுகை விலையில் மதிய உணவு என்று வரிசையாகச் சொல்லி, வரைபடத்தில் ஒவ்வொன்றையும் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு என்று சொன்னபோது, "படகிலிருந்து இறங்கவே வேண்டாம், உட்கார்ந்தபடியே பார்க்கலாம்" என்றார். துடுப்புப் படகுக்கு மாற வேண்டும், அதில் மல்லாந்து படுக்க வேண்டும் என்பதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. முன்பணமாக 200 யூரோவை அட்டையில் வாங்கிக்கொண்டு, மீதியைக் காலையில் துறையில் ரொக்கமாகக் கொடுத்தால் போதும் என்றார். அன்றிரவு வாட்ஸ்அப்பில் வந்த உறுதிச் செய்தியிலும் "நீலக் குகை சேர்ந்தது" என்றே இருந்தது; அந்தச் செய்தி பின்னால் எவ்வளவு உதவியது என்பதைக் கீழே சொல்கிறேன்.

காலை பத்து மணிக்கு மெரினா பிக்கோலா துறையில் (காப்ரியிலும் இதே பெயரில் ஒரு கடற்கரை உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம்) மீதிப் பணத்தை எண்ணி வாங்கிய இளைஞரிடம், குகை இன்று திறந்திருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். "அங்கே போனால்தான் தெரியும்" என்றார். போனோம். படகு பாறைச் சுவருக்கு எட்டவே நின்று, அலையில் மேலும் கீழுமாக ஆடியது. துடுப்புப் படகுகள் இல்லை. கட்டணம் வசூலிக்கும் மிதவையும் இல்லை. நீர் மட்டத்தில் ஒரு கரிய பொந்து மட்டும் தெரிந்தது, அதுவும் ஒவ்வோர் அலைக்கும் மூடி மூடித் திறந்தது. வழிகாட்டி ஒலிவாங்கியை எடுத்து, அதுதான் உலகப் புகழ்பெற்ற நீலக் குகை, கடல் சரியில்லாததால் மூடியிருக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, படகைத் திருப்பச் சைகை காட்டினார். பந்தியில் உட்கார வைத்து வெறும் இலையைக் காட்டி எழுப்பிவிட்டது போல இருந்தது. "ஏம்ப்பா, இந்தப் பொந்தைப் பார்க்கவா இத்தனை பேரும் வந்தோம்?" என்று அப்பா கேட்டார்.

உண்மை மெரினா கிராந்தேயில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. காப்ரியின் அந்தப் பெரிய துறையில் குகைக்குப் படகு விடுபவர்களின் கட்டணச் சாளரங்கள் இருக்கின்றன. குகை அன்று மூடல் என்ற பலகையை அங்கே வெளிப்படையாகவே தொங்கவிட்டிருந்தார்கள். எப்போதிலிருந்து மூடல் என்று சாளரத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். முந்தைய இரவே காற்று எழுந்துவிட்டதாகவும், துடுப்புப் படகுக்காரர்கள் காலையில் அந்தப் பக்கம் போகவே இல்லை என்றும், ஒன்பது மணிக்கு முன்பே பலகை மாட்டியாகிவிட்டது என்றும் சொன்னார். அதாவது, சொரெண்டோவில் எங்களிடம் பணத்தை எண்ணி வாங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே விஷயம் முடிந்துவிட்டது. தினமும் அந்தக் கடலில் படகு விடுகிற ஒரு நிறுவனத்துக்கு இதை அறிய ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அதே சாளரத்தில் தெரிந்துகொண்ட இன்னொரு செய்தி: குகைக்குள் செல்ல, துடுப்புப் படகுக்கும் நுழைவுக்கும் சேர்த்து, நான் சென்றபோது தலைக்கு 18 யூரோ. சொரெண்டோவிலிருந்து வருகிற படகுகள் எதுவாக இருந்தாலும், பெரும்பாலும் அந்தத் தொகையைப் பயணிகளே மிதவையில் தனியாகக் கட்டுகிறார்கள். அதற்கு மேல் படகோட்டிகள் டிப்ஸும் எதிர்பார்ப்பார்கள். படகோட்டிகளை நான் குறை சொல்லவில்லை. வளைந்து நெளிந்து அந்தப் பொந்துக்குள் ஆளை ஏற்றி இறக்குவது கடினமான வேலை.

சலுகை விலை உணவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, ஒன்றைத் தவிர. பட்டியலில் மீனுக்கு 9 யூரோ என்று இருந்தது. அந்த வரியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ‘எத்தோ’ என்று ஒரு குறிப்பு. அது 100 கிராமுக்கான விலை. பரிசாரகர் ஒரு முழு மீனைத் தட்டில் வைத்துக் காட்டிவிட்டு உள்ளே எடுத்துப் போனார். எடையைச் சொல்லவே இல்லை. வந்த ரசீதில் 1.4 கிலோ, 126 யூரோ என்று இருந்தது. எடைக்கு விலை போடுவது அந்தக் கடற்கரை முழுவதும் உள்ள வழக்கம்தான், அதில் தவறில்லை. ஆனால் சமைக்கும் முன் எடையையும் மொத்தத் தொகையையும் சொல்லும்படி கேளுங்கள். சொல்ல மறுத்தால் வேறு எதையாவது சாப்பிடுங்கள்.

மாலையில் முகவரிடம் திரும்பிச் சென்று பணத்தைக் கேட்டபோது, நாங்கள் வாங்கியது படகுப் பயணம், குகை அல்ல என்றார். குகைவரை அழைத்துச் செல்வதுதான் ‘சேர்ந்தது’ என்றும், வானிலைக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றும் ரசீதின் பின்புறத்தைக் காட்டினார். சட்டமும் இந்த இடத்தில் நமக்குப் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. இணையத்தில் வாங்கியதை 14 நாட்களுக்குள் ரத்து செய்யும் ஐரோப்பிய ஒன்றிய நுகர்வோர் உரிமை, குறிப்பிட்ட தேதிக்கு வாங்கும் பொழுதுபோக்குச் சேவைகளுக்குப் பொருந்தாது. பல சேவைகளைச் சேர்த்து விற்கும் சுற்றுலாத் தொகுப்புகளுக்கான 2015-ஆம் ஆண்டு ஒன்றியச் சட்டமும், இரவுத் தங்கல் இல்லாத, 24 மணி நேரத்துக்குக் குறைவான பயணங்களை விலக்கிவிடுகிறது. ஆக, ஒருநாள் படகுப் பயணம் இரண்டு வேலிகளுக்கும் நடுவே விழுகிறது. எஞ்சியது, சொன்னது ஒன்று கொடுத்தது வேறு என்ற புகார் மட்டும்தான். வாட்ஸ்அப் செய்தி, மூடல் பலகையின் படம், அட்டைச் சீட்டு மூன்றையும் இணைத்து, அட்டையில் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் மறுப்பு மனு கொடுத்தேன். சில வாரங்கள் கழித்து முன்பணம் 200 யூரோ திரும்பி வந்தது. ரொக்கமாகக் கொடுத்த 275 யூரோவுக்கு முறையான ரசீதே தரவில்லை. அது போனது போனதுதான். மீதியை ரொக்கமாகக் கேட்டதன் காரணம் இப்போது எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

குகையைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் அதை எந்தத் தொகுப்போடும் சேர்த்து வாங்காதீர்கள். சொரெண்டோவிலிருந்து அரைமணி நேரத்துக்குள் காப்ரிக்குக் கொண்டுவிடும் பொதுக் கப்பலில் சென்று, மெரினா கிராந்தேயில் அந்தச் சாளரத்தைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். தீவிலேயே இருக்கும் அனகாப்ரி ஊரிலிருந்து பேருந்தில் குகைக்கு மேலே இறங்கி, படிக்கட்டு வழியாகவும் துடுப்புப் படகை அடையலாம். அப்படிப் போனால் இடையில் யாருக்கும் தரகு இல்லை. உள்ளே இருக்கும் நேரம் ஐந்து நிமிடம்தான், வெளியே காத்திருப்பு ஒரு மணி நேரத்தையும் தாண்டலாம், நீந்த அனுமதி இல்லை. மூட்டு வலி உள்ளவர்களுக்கு அந்தப் படகு மாற்றம் பாடாய்ப்படுத்தும். குகை மூடியிருந்தால் அனகாப்ரியிலிருந்து ஒற்றையாள் அமரும் தொங்கு நாற்காலியில் 589 மீட்டர் உயரமுள்ள சொலாரோ மலைக்குப் போங்கள். தோட்டங்களுக்கு மேலே, கால் தொங்கவிட்டபடி பத்து நிமிடத்துக்கும் கூடுதலாக மெதுவாக ஏறும் அது, என் மகளுக்கு அன்றைய நாளிலேயே மிகப் பிடித்தது. மேலிருந்து ஃபராலியோனிப் பாறைகள் முழுதாகத் தெரிந்தன. எங்களிடம் நேரம் குறைவாக இருந்ததால் டைபீரியஸின் மாளிகை இடிபாடுகளுக்குப் போக முடியவில்லை.

ஏற்கெனவே இப்படி ஒரு தொகுப்புக்கு முன்பணம் கட்டிவிட்டவர்கள், பயண நாளுக்கு முன்பே எழுத்தில் இரண்டைக் கேளுங்கள்: குகைக்கான நுழைவு, துடுப்புப் படகுக் கட்டணம் இந்த விலைக்குள் அடங்குமா, குகை மூடியிருந்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும். பயண நாள் காலையில் பணம் கேட்டால் அட்டையில்தான் தருவேன் என்று சொல்லுங்கள். ரசீது தர மறுத்தால் இத்தாலியின் நிதிக் காவல் துறையான குவார்தியா தி ஃபினான்சாவின் 117 என்ற எண்ணை அழைக்கப்போவதாகச் சொல்லிப் பாருங்கள். எங்கள் விடுதிக்காரர் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும், ஆனால் அதற்குள் படகு கிளம்பிப் பல மணி நேரம் ஆகியிருந்தது.