நாயை ஏழு முறை போர்டிங்கில் விட்ட பிறகு: "சமத்தா இருக்கான்" என்ற ஒரு வரி

போன வாரம் ஒரு தோழி கேட்டாள்: "நாலு நாள் வெளியூர் போகணும். நீ மணியை விடுற இடம் எப்படி? நம்பி விடலாமா?" நல்ல இடம்தான், விடலாம் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. நான் அதைச் சொன்னபோது என் நாய் மணி என் நாற்காலிக்கு அடியில், முன்னங்காலில் கட்டோடு படுத்திருந்தான். அந்தக் காயம் அதே நல்ல இடத்தில் பட்டது. அதனால் முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

வெளியூர் போகிறவர்கள் நாயை விட்டுப் போகிற போர்டிங் அது. இரண்டு வருடத்தில் ஏழு முறை விட்டிருக்கிறேன். குறைந்தது ஒரு ராத்திரி, அதிகபட்சம் ஒன்பது. சுத்தம், நடைக்குக் கூட்டிப் போவது, சாப்பாட்டு நேரம் எதிலும் குறையில்லை. தடுப்பூசிச் சான்றிதழைப் பார்க்காமல் எந்த நாயையும் உள்ளே சேர்ப்பதில்லை, கென்னல் காஃப் என்கிற, நாய்க்கு நாய் தொற்றும் இருமலுக்கான ஊசி போட்டாயிற்றா என்றும் தனியாகக் கேட்பார்கள். கூப்பிட்டால் வரும் டாக்டர் இருக்கிறார். இதெல்லாம் சரி.

மணிக்கு இருப்பது பிரிவுப் பதற்றம். நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியதும் கதவைப் பிறாண்டுவான், ஊளையிடுவான், தரையெல்லாம் எச்சில் வழிந்து கிடக்கும். கோபத்தில் பழி வாங்குகிறான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தோம். டாக்டர் சொல்லி ஒரு நாள் செல்போனில் வீடியோ ஓடவிட்டுக் கிளம்பினோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஆரம்பித்துவிட்டான். அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் யாரும் அதைச் சேட்டை என்று சொல்ல மாட்டார்கள். அது பயம், தண்ணீரில் மூழ்குகிறவனுக்கு வருகிற மாதிரியான பயம். அன்றிலிருந்து சாவியை எடுத்துவிட்டுத் திரும்ப வைப்பது, செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது, வெளியே போய் ஐந்து நொடியில் திரும்பி வருவது என்று பல மாதம் பழக்கினோம். கூடவே, மனிதர்களுக்கு மனச்சோர்வுக்குக் கொடுக்கிற ஃப்ளூஆக்சிடின் மாத்திரை. நாய்க்குப் போய் இந்த மாத்திரையா என்று சிலர் பதறுகிறார்கள். அமெரிக்காவில் 2007-லேயே நாய்களின் இந்தப் பிரச்சினைக்கென்று அனுமதி பெற்ற மருந்து அது. ஆனால் வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். பயணத்துக்கு முதல் நாள் ஆரம்பித்தால் ஒரு பயனும் இல்லை.

சரி, அந்த வரிக்கு வருகிறேன். தினமும் சாயங்காலம் போர்டிங்கிலிருந்து ஒரு போட்டோ வரும். கூடவே "சமத்தா இருக்கான்" என்று ஒரு வரி. முதல் முறை அதைப் படித்துவிட்டுக் கண் கலங்கினேன், அவ்வளவு நிம்மதி. இரண்டாவது முறைதான் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாய் திறந்திருக்கிறது, நாக்கு தொங்குகிறது, அவசரத்தில் பார்த்தால் சிரிக்கிற மாதிரிதான் இருக்கும். ஆனால் காது இரண்டும் பின்னால் ஒட்டிக் கிடக்கிறது. கண்ணின் ஓரத்தில் வெள்ளை தெரிகிறது. வீட்டில் ஓடி விளையாடாமல் அவன் இப்படி மூச்சு வாங்கி நான் பார்த்ததே இல்லை.

திரும்பக் கூட்டி வந்த அன்று ஒரு கிண்ணம் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தான். அப்புறம் படுத்தவன் மறுநாள் மதியம் வரை எழுந்திருக்கவில்லை. இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. எழுந்து குரைத்தபோது குரலே வரவில்லை, தொண்டை கட்டியிருந்தது. சமத்தாக இருந்த நாய்க்குத் தொண்டை எப்படிக் கட்டும்? கேட்டேன். "ராத்திரி கொஞ்சம் கத்தினான், அப்புறம் அடங்கிட்டான்" என்றார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. இருபது நாய்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சத்தம் போடாத நாய் சமத்துதான். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நிம்மதியாகிச் சத்தம் நின்ற நாய் வேறு, கத்திக் கத்திப் பயனில்லை என்று ஓய்ந்துபோன நாய் வேறு. முதல் வகை கை நீட்டினால் தின்பண்டத்தை வாங்கும், பக்கவாட்டில் காலை நீட்டித் தூங்கும். இரண்டாவது வகை தட்டைத் தொடாது, கதவைப் பார்த்தே சுருண்டு கிடக்கும். போட்டோவில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

மூன்றாவது முறை விட்டபோது இன்னொன்று தெரிந்தது. 24 மணி நேரக் கண்காணிப்பு என்று அவர்கள் சொல்வது கேமராவை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நாய்கள் இருக்கும் பக்கம் ஆள் கிடையாது, காவலாளி வாசலில் இருப்பார். அத்தனை நாய்கள் இருக்கின்றனவே, துணைக்கு ஆச்சு என்று நானும் நினைத்திருந்தேன். மணிக்கு நாய்த் துணை எந்த வகையிலும் கணக்கில்லை. அவன் தேடுவது மனிதரை. மனிதர் இல்லாத இடத்தில் இருபது நாய்களுக்கு நடுவிலும் அவன் தனியாகத்தான் இருந்தான்.

நாலாவது முறை எதிர்பாராத ஒன்று நடந்தது. கொண்டுபோய் விட்டபோது வாசலிலேயே பெல்ட்டை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினான். அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் தரையில் உட்கார்ந்திருந்தான், அவன் மடியில் போய் விழுந்தான் மணி. அப்புறம்தான் தெரிந்தது, போன முறை கடைசி இரண்டு ராத்திரி அந்தப் பையன் யாரும் சொல்லாமலே கூண்டுக்கு வெளியே பாயைப் போட்டுப் படுத்திருக்கிறான். தடவிக்கொடுக்கவில்லை, கொஞ்சவில்லை. "முதுகைக் காட்டிப் படுத்தா போதும்ணா, அவனே கிட்ட வந்து படுத்துக்குறான்" என்றான். எந்தப் பயிற்சியும் எடுக்காதவன். நாலாவது, ஐந்தாவது, ஆறாவது என்று மூன்று முறையும் மணி முதல் ராத்திரியே சாப்பிட்டான். வயிறு கெடவில்லை. குரல் குரலாகவே திரும்பி வந்தது. ஒன்பது ராத்திரி விட்டதும் அப்போதுதான். அந்த நாட்களில் யார் கேட்டிருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தைச் சொல்லியிருப்பேன்.

ஏழாவது முறை, அதாவது போன மாதம், அந்தப் பையனைப் பகல் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். என்னிடம் சொல்லவில்லை. மூன்று ராத்திரியும் "சமத்தா இருக்கான்" வந்தது. கூட்டி வரப் போனால், கூண்டுக் கம்பியில் பிறாண்டி ஒரு நகம் வேரோடு பிய்ந்திருந்தது. மருந்து போட்டுக் கட்டியிருந்தார்கள், பொறுப்பாகத்தான் செய்திருந்தார்கள். ஆனால் மூன்று நாளில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்தப் பதற்றம் உள்ள நாயைக் கூண்டில் அடைத்தால் நகமும் பல்லும் உடையும் என்று டாக்டர் முதலிலேயே எச்சரித்திருந்தார், சேர்க்கும் தாளில் நானும் எழுதிக்கொடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு நான் குளியலறைக்குப் போனாலே கதவுக்கு வெளியே நடுங்குகிறான். பல மாதப் பழக்கம் போய், மறுபடி ஐந்து நொடியிலிருந்து ஆரம்பித்திருக்கிறோம்.

தோழிக்குப் பிறகு விவரமாகச் செய்தி அனுப்பினேன். உன் நாய் எங்கே போட்டாலும் தூங்குகிற ஜாதி என்றால் தைரியமாக விடு. மணி மாதிரி என்றால் முதலில் இரண்டு மணி நேரம், அப்புறம் ஒரு பகல், அப்புறம் ஒரே ஒரு ராத்திரி விட்டுப் பார். நீ உடுத்திய துணியைத் துவைக்காமல் கொடுத்தனுப்பு. மாத்திரை நடுவில் நிற்கக் கூடாது. அசெப்ரோமசின் மாதிரி அசத்திப் போடுகிற மருந்து கொடுக்கலாமா என்று அவர்கள் கேட்டால் உன் டாக்டரைக் கேட்காமல் சம்மதிக்காதே, அது உடம்பைத்தான் அடக்கும், பயம் உள்ளே அப்படியே இருக்கும். போட்டோ கேட்காதே, பத்து நிமிட வீடியோ கேள், அதுவும் ராத்திரி எடுத்தது. எல்லாவற்றுக்கும் முன்னால், ராத்திரி அவன் பக்கத்தில் யார் படுப்பார்கள் என்று கேள். பெயர் சொன்னால்தான் விடு.

இதற்கு மேல் சுத்தமான, பொறுப்பான இடம் எனக்குத் தெரியாது. ஆனாலும் இன்றைக்கு என்னைக் கேட்டால் மணியை அங்கே விட மாட்டேன் என்றுதான் சொல்வேன்.

நேற்று அங்கே போன் செய்தேன். அந்தத் தம்பி ராத்திரி வேலைக்குத் திரும்புவானா என்று கேட்டேன். இப்போதைக்கு இல்லை என்றார்கள். அடுத்த மாதப் பயணத்தை ரத்து செய்துவிட்டேன்.