ஆண்டு சொல்லாத களஞ்சியம்

கொங்கு நாட்டைப் பற்றி அறிய வேண்டிய அனைத்தையும் ஓரிடத்தில் தருவதாக விளம்பரப்படுத்தப்பட்டு, முன்பதிவுத் திட்டத்தின் கீழ் இரு தொகுதிகளாக வெளிவந்த ஒரு களஞ்சியத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. பெரிய அளவுத் தாள், கெட்டி அட்டை, இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 1,400 பக்கங்கள். விலை 2,400 ரூபாய். முன்பதிவு செய்தவர்களுக்கு 1,800 ரூபாய். நூலின் பெயரையும் பதிப்பகத்தின் பெயரையும் இங்கே குறிப்பிடப் போவதில்லை. ஈரோடு புத்தகத் திருவிழாவிலும் கோவை கொடிசியா வளாகத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவிலும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் வேறு பல தகவல் நூல்களுக்கும் இந்தக் குறைகள் அப்படியே பொருந்துவதால், ஒன்றை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது முறையாகாது.

ஒரு நாவல் பிடிக்கவில்லையென்றால் பாதியில் மூடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். மிஞ்சினால் நேரமும் பணமும்தான் நட்டம். தகவல் நூலை நாம் திறப்பதோ ஒரு கேள்வியோடு. அந்தக் கேள்விக்கு நூலில் விடை இருக்கிறதா, இருந்தால் அது எந்தப் பக்கத்தில், அந்த விடை எந்த ஆண்டுக்குரியது, யார் சொன்னது என்ற நான்குக்கும் பதில் கிடைத்தால்தான் அந்நூல் வாங்கியவருக்குப் பயன்படும். தவறே இல்லாத தகவல் நூல் உலகத்தில் இல்லை; அதை யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. ஆனால் தவறைத் தவறென்று கண்டுபிடிப்பதற்கான வழியையாவது நூல் விட்டுவைத்திருக்க வேண்டும். இந்தக் களஞ்சியம் அந்த வழியை அடைத்துவிட்டது என்பதுதான் என் முதன்மையான குறை.

முதலில் தேடுவதைப் பார்ப்போம். களஞ்சியம் என்று பெயரிட்டுக்கொண்டாலும் இது அகர வரிசையில் அமையவில்லை. நீர்நிலைகள், கோயில்கள், தொழில்கள், போராட்டங்கள், வேளாண்மை என்று இயல்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதில் பிழையொன்றும் இல்லை, இறுதியில் எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் ஒரு பொருளடைவு இருந்தால். அது இல்லை. சென்னிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். மலைமேல் இருக்கும் முருகன் கோயில் ஓர் இயலில் வருகிறது. போர்வை நெசவு மற்றோர் இயலில். 1904இல் அங்கே பிறந்த திருப்பூர் குமரன் விடுதலைப் போராட்ட இயலில். பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல் தொல்லியல் இயலில். இந்த நான்கும் ஒரே ஊரைச் சுற்றியவை என்பது நூலைத் தொகுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கலாம், ஆனால் வாசகருக்குத் தெரிவிக்க ஒரு குறுக்குக் குறிப்புக்கூட இல்லை. ஓர் ஊரைப் பற்றி அறிய இரண்டு தொகுதிகளையும் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும் என்றால், அதற்குக் களஞ்சியம் எதற்கு?

இந்த மண்ணுக்கு இது புதிய கலையும் அன்று. ஈரோட்டுப் பக்கம் மஞ்சக்காட்டு வலசில் 1908இல் பிறந்த பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, திருப்பூரைச் சேர்ந்த அவினாசிலிங்கம் தொடங்கி வைத்த தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியத்தைக் கொண்டுவந்தது. கணினி இல்லாத காலம். ஒவ்வொரு சொல்லுக்கும் சீட்டு எழுதி, கையால் வரிசைப்படுத்தித்தான் செய்திருப்பார்கள். இன்று தட்டச்சு செய்த கோப்பிலிருந்து ஊர்ப்பெயர்களைப் பிரித்தெடுத்து அகர வரிசையில் அடுக்குவது ஒருவர் சில வாரங்களில் முடிக்கக்கூடிய வேலை. அந்தச் செலவை மிச்சம் பிடித்தவர்கள் அட்டையில் தங்க நிறத்தில் எழுத்துப் பொறிப்பதற்குச் செலவு செய்திருக்கிறார்கள்.

தேடுவதைவிடப் பெரிய சிக்கல் காலம். இந்நூலில் காங்கேயம் ஓர் இயலில் கோவை மாவட்டத்திலும், இன்னோர் இயலில் பெரியார் மாவட்டத்திலும், மூன்றாவது ஒன்றில் திருப்பூர் மாவட்டத்திலும் இருக்கிறது. மூன்றும் அந்தந்தக் காலத்தில் சரியாக இருந்தவைதான். 1979இல் கோவையிலிருந்து பெரியார் மாவட்டம் பிரிந்தபோது காங்கேயம் அதற்குள் போனது. அந்த மாவட்டத்தின் பெயர் பிறகு ஈரோடு என்று மாறியது. 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது காங்கேயமும் தாராபுரமும் அங்கே சேர்ந்தன. ஆக, எந்த இயல் எந்தக் காலத்துக் கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை நூல் தன்னையறியாமலே காட்டிக்கொடுத்துவிடுகிறது. எடுத்ததைக் குறையென்று சொல்லவில்லை. பழைய நூல்களிலிருந்து எடுக்காமல் யாரும் களஞ்சியம் தொகுக்க முடியாது. எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாததும், எடுத்ததை இன்றைய நிலையோடு ஒப்பிட்டுத் திருத்தாததும்தான் குறை. ஓரிடத்தில் "ஜில்லா போர்டு பங்களா உள்ளது" என்று, எப்போதோ மறைந்துபோன மாவட்ட நிர்வாக அமைப்பின் பெயரோடு நிகழ்காலத்திலேயே ஒரு வரி வருகிறது. 1887இல் நிக்கல்சன் தொகுத்த கோயமுத்தூர் மாவட்டக் கையேட்டுக்குப் பிறகு வெளிவந்த ஏதோ ஒரு நூலின் வரி, பல கை மாறி இங்கே வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

மஞ்சள் பற்றிய கட்டுரையை மண்டியில் கணக்கெழுதும் நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். விரலி, கிழங்கு என்று தரம் பிரிப்பது, வேகவைப்பது, உலர்த்துவது, மெருகேற்றுவது எல்லாவற்றையும் தலையசைத்துக்கொண்டே படித்தவர், "ஒரு குவிண்டால் 6,500 ரூபாய்க்கு விற்கிறது" என்ற இடத்தில் நின்றுவிட்டார். "எந்த வருசத்து வெலைங்க இது?" என்றார். நூலில் அதற்கு விடை இல்லை. 2010ஆம் ஆண்டின் இறுதியில் குவிண்டால் பதினைந்தாயிரத்தைத் தாண்டிப் போய், இரண்டே ஆண்டுகளுக்குள் நாலாயிரம் அளவுக்கு இறங்கிவந்த பொருள் மஞ்சள். ஆண்டு இல்லாமல் அதன் விலையை அச்சிடுவதும் அச்சிடாமல் விடுவதும் ஒன்றுதான். 2019இல் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது கட்டுரையில் இல்லை. பவானிசாகர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பி.எஸ்.ஆர். என்ற மஞ்சள் இரகங்கள் பற்றி ஒரு வரியும் இல்லை.

இவையெல்லாம் விடுபட்டவை. விடுபட்டதே பொய்யாகிவிடும் இடமும் உண்டு. நொய்யல் கட்டுரை அப்படிப்பட்டது. வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்கருகே காவிரியில் கலக்கிறது என்று கட்டுரை சரியாகவே தொடங்குகிறது. ஆற்றின் அணைக்கட்டுகளும் அவற்றிலிருந்து நீர் பெறும் குளங்களும் ஊர்ப்பெயர்களோடு சொல்லப்படுகின்றன. அதன்பின், ஒரத்துப்பாளையம் அணை "பாசனத்துக்குப் பெரிதும் பயன்படுகிறது" என்ற வரி வருகிறது. அந்தப் பக்கத்து உழவர் ஒருவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார் என்று தொகுப்பாசிரியர்கள் ஒரு கணமேனும் எண்ணிப் பார்த்தார்களா? 1992இல் பாசனத்துக்கென்று திறக்கப்பட்ட அந்த அணை, திருப்பூரின் சாய, சலவை ஆலைகளிலிருந்து ஆற்றில் வந்த கழிவுநீர் தேங்கும் இடமாகிப் போனது. தண்ணீர் வேண்டிக் காத்திருந்த உழவர்களே அதைத் திறந்துவிட வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. கீழ்ப்பகுதி உழவர்கள் நீதிமன்றம் போனார்கள்; கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்து முடிக்காத சாய ஆலைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் அந்த ஆணையால் எவ்வளவு ஆட்டம் கண்டது என்பது அங்கே வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். இவ்வளவும் நாளிதழ்களிலும் தீர்ப்புகளிலும் பதிவானவை. ஆற்றின் நவீன வரலாறு என்று ஒன்று இருந்தால் அது இதுதான். அதை விட்டுவிட்டு, அணைக்குத் திட்டம் போட்ட காலத்துக் குறிப்பேட்டிலிருந்து ஒரு வரியை எடுத்து வைத்தால், கோவையிலிருந்து அமெரிக்கா போய்விட்ட ஒரு பேரன் இந்த நூலை நம்பி நொய்யலைப் பற்றி என்ன தெரிந்துகொள்வான்?

தொழில் நகரங்களைப் பற்றி எழுதும்போது யாரையும் நோகடிக்கக் கூடாது என்ற தயக்கம் இருந்திருக்கலாம். நூலின் முகப்பில் நன்கொடையாளர் படங்கள் எட்டுப் பக்கங்களுக்கு வருவதைப் பார்க்கும்போது அந்த எண்ணம் வலுக்கிறது. ஆனால் ஊகம் ஊகமாகவே இருக்கட்டும்.

எண்களில் கவனக்குறைவு வெளிப்படையாகத் தெரிவது காளிங்கராயன் வாய்க்காலில். பவானி ஆறு காவிரியோடு கூடுமிடத்துக்குச் சற்று மேலே அணைகட்டிப் பிரித்த இந்த வாய்க்கால், ஈரோட்டின் ஓரமாக வளைந்து வளைந்து போய், கொடுமுடிப் பக்கம் ஆவுடையார்பாறைக்கு அருகே நொய்யலில் முடிகிறது. நூலின் முதல் தொகுதியில் இதன் நீளம் 56 மைல். இரண்டாம் தொகுதியில் 56 கிலோமீட்டர். 56 மைல் என்றால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அலகை மாற்றிய கை எண்ணை மாற்றாமல் விட்டிருக்கிறது. மெய்ப்புத் திருத்துபவர் கண்ணில் படாமல் இது தப்பியது வியப்பில்லை, ஏனெனில் இரண்டு வரிகளும் தனித்தனியே பார்த்தால் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. இரண்டையும் ஒருசேரப் படித்த ஒருவர் இருந்திருந்தால் பிடிபட்டிருக்கும். அப்படி ஒருவர் இந்நூலுக்கு வாய்க்கவில்லை என்றே தோன்றுகிறது.

கொடுமணலைப் பற்றி நான்கு பக்கங்கள் உண்டு. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்ததில் மணிக்கற்கள் செய்த பட்டறைகளும், இரும்புருக்கிய உலைகளின் எச்சங்களும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுவே என்பது அறிஞர்கள் ஏற்ற கருத்து. பெருமைப்படுவதற்கு இதுவே தாராளம். நூலுக்கு இது போதவில்லை. "உலகிலேயே முதன்முதலில் எஃகு செய்த ஊர்" என்று எழுதியிருக்கிறது. யார் சொன்னார்கள், எந்த அறிக்கையில் என்ற குறிப்பு இல்லை. அடுத்த ஆண்டு ஒரு பள்ளி ஆண்டு மலரிலும், அதற்கடுத்த ஆண்டு மேடைப் பேச்சிலும் இந்த வரி வரும். அப்போது ஆதாரம் கேட்டால் இந்தக் களஞ்சியத்தைக் காட்டுவார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, இரண்டாம் தொகுதியில் வேளாண்மை இயலில் இருக்கும் இரண்டு கட்டுரைகளைப் பாராட்டாமல் விடுவது நியாயமில்லை. ஒன்று, மாடு பூட்டிக் கிணற்று நீரை இறைக்கும் கவலை இறைப்பைப் பற்றியது. பறி, தும்பி, வடம், வால்கயிறு என ஒவ்வொன்றும் எதனால் ஆனது, எங்கே கட்டப்படும், மாடுகள் சரிவில் இறங்கும்போதும் பின்னேறும்போதும் எந்தக் கயிறு இறுகும், எது தளரும் என்பதைப் படித்துக்கொண்டே போனால் கிணற்றடியில் நிற்கிற மாதிரி இருக்கிறது. மற்றொன்று காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகள் எனப்படும் மேய்ச்சல் நிலங்களைப் பற்றியது. கிளுவை முள்ளை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, இடையிடையே வெள்வேல மரங்களை நிற்கவைத்து, ஒரு காட்டில் மேய்ந்து முடித்த மாடுகளை அடுத்த காட்டுக்கு மாற்றி மழை குறைந்த செம்மண்ணில் மேய்ச்சலைக் காப்பாற்றும் முறையை, வேலி அடைக்கும் பருவத்திலிருந்து வெள்வேலங்காய் உதிரும் பருவம் வரை வரிசையாகச் சொல்கிறார் கட்டுரையாளர். தாம் பார்த்த ஊர்கள் எவை, பார்த்த ஆண்டு எது, விவரம் சொன்ன பெரியவர்களுக்கு என்ன வயது என்பதையெல்லாம் கட்டுரையின் அடியில் சிறிய எழுத்தில் கொடுத்திருக்கிறார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் என்று குறிப்பு சொல்கிறது. நூல் முழுவதும் இப்படி அமைய நிபுணர் குழுவோ பெரிய நிதியோ தேவையில்லை என்பதற்கு அவருடைய அடிக்குறிப்பே சான்று. தொகுப்பாசிரியர்கள் அதைப் பார்த்த பிறகும் மற்றக் கட்டுரையாளர்களிடம் அதுபோல ஒன்றைக் கேட்கவில்லை என்பதுதான் புரியவில்லை.

அச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படங்கள் கறுப்பு மைத் திட்டுகளாக இருக்கின்றன; வரைபடங்களில் அளவுகோல் இல்லை; முதல் தொகுதியின் கட்டு சில மாதங்களிலேயே முதுகில் பிளந்துவிட்டது. என் பிரதியில் 417 முதல் 432 வரையிலான பக்கங்கள் இரண்டு முறை வந்து, 433 முதல் 448 வரை இல்லை. ஒரு ஃபாரம், அதாவது ஒன்றாக அச்சிட்டு மடிக்கும் பதினாறு பக்கத் தாள், இரட்டித்து, அடுத்தது விழாமல் போயிருக்கிறது. பவானிசாகர் அணையும் கீழ்பவானி வாய்க்காலும் அந்தப் பதினாறு பக்கங்களில் இருப்பதாக உள்ளடக்கம் சொல்கிறது. பதிப்பகத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது மிகுந்த மரியாதையோடு பதில் வந்தது: "அடுத்த பதிப்புல சரி பண்ணிடலாமுங்க. வேற யாரும் ஒண்ணும் சொல்லலீங்களே." பிரதியை மாற்றித் தர முடியுமா என்று மீண்டும் கேட்டதற்கு, முன்பதிவுப் பிரதிகளுக்கு மாற்று இல்லை என்றார்கள். கட்டுக் குறையுள்ள பிரதியை மாற்றித் தருவது புத்தக வணிகத்தில் நெடுங்கால வழக்கம். முன்பணம் கொடுத்தவருக்கு மட்டும் அது கிடையாது என்பது விந்தையான ஏற்பாடு.

முழு விலை கொடுத்து இதை வாங்கும்படி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். வேளாண்மை இயலை மட்டும் மாவட்ட மைய நூலகத்தில் எடுத்துப் படிக்கலாம். அந்த இரண்டு கட்டுரைகளும் ஓர் உச்சிப்பொழுதுக்குப் போதும். ஊர், ஆறு, மாவட்டம் பற்றிய விவரத்துக்கு இந்நூலை மேற்கோள் காட்ட நினைக்கும் மாணவர்கள், ஒவ்வோர் எண்ணையும் வேறோர் இடத்தில் சரிபார்த்த பிறகே காட்ட வேண்டும்; சரிபார்த்த அந்த இடத்தையே மேற்கோளாகக் காட்டிவிடுவது இன்னும் நல்லது. அடுத்த பதிப்பில் பொருளடைவும், கட்டுரைதோறும் எழுதிய ஆண்டும், மூலக் குறிப்பும் சேர்க்கப்படுமானால் மீண்டும் வாங்க நான் தயார். இரண்டாம் தொகுதியைத் தனியாகத் தருவீர்களா என்றும் பதிப்பகத்தாரிடம் தொலைபேசியில் பேசிய அன்றைக்கே கேட்டுப் பார்த்தேன். இரண்டும் சேர்த்துத்தான் விற்பனை என்றார்கள்.