மிட்சுபா 3: முதல் பாடத்துக்கு வேண்டாம், இரண்டாம் பாடத்துக்கு விடவேண்டாம்

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், இ.பி.எஃப்.எல். பல்கலைக்கழகத்தில் வென்செல் யாகோபின் ஆய்வுக்குழு உருவாக்கிய ரெண்டரர், அதாவது முப்பரிமாணக் காட்சியிலிருந்து படத்தைக் கணக்கிடும் மென்பொருள், மிட்சுபா. மூன்றாம் பதிப்பு 2022இல் வந்தது. இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. ஆய்வுக்கு இது நல்ல கருவி என்பதில் சண்டை இல்லை. வகுப்பறைக்கு வருமா என்பதுதான் கேள்வி.

வரைகலையின் அறிமுகப் பாடத்துக்கு வராது. முக்கோணத்தைப் பிக்சல்களாக்கும் ராஸ்டரைசேஷன், எது முன்னால், எது பின்னால் என்று குறித்துவைக்கும் டெப்த் பஃபர் எதுவும் இதில் இல்லை. கதிர் எதில் மோதுகிறது என்ற கணக்கையும் சிபியூவில் எம்பிரீ நூலகமும், என்விடியா ஜிபியூவில் ஆப்டிக்ஸ் நூலகமும் செய்து முடித்துவிடும். கதிர் மோதலை விரைவாகத் தேட உதவும் பி.வி.ஹெச். மரத்தை மாணவர் கையால் கட்டிப் பழக வேண்டுமென்றால் வெறும் சி++ கோப்பில் தொடங்குவதே மேல்.

ஒளி எப்படிப் பரவுகிறது என்று கற்பிக்கும் இரண்டாம் பாடத்தில் நிலைமையே வேறு. கார்னெல் பெட்டி என்ற சோதனைக் காட்சி கூடவே வருகிறது. 1984இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சிவப்பு, நீலச் சுவர்களோடு பிறந்த அறையின், இன்று பழகிப்போன சிவப்பு, பச்சைச் சுவர் வடிவம். ஒளியின் பாதைகளைப் பின்தொடர்ந்து கணக்கிடும் பாத் இன்டக்ரேட்டரில் அதிகபட்ச ஆழத்தை (பாதையின் நீள வரம்பை) 2 என்று வைத்து ரெண்டர் செய்தால் கூரை கன்னங்கரேலென்று இருக்கும். விளக்கு கீழ்நோக்கி இருப்பதால் நேரடி ஒளி கூரையில் விழ வழியில்லை. அதை 3 ஆக்கினால் கூரை வெளுக்கும், வெள்ளைச் சுவரில் சிவப்பும் பச்சையும் கசியும். 1986இல் கஜியா எழுதிய, ஒளிப் பரவலை விவரிக்கும் ரெண்டரிங் சமன்பாட்டைக் கரும்பலகையில் விரிப்பதற்கு முன் இந்த இரண்டு படங்களையும் காட்டிவிடலாம். படத்தில் புள்ளிப்புள்ளியாகத் தெரியும் இரைச்சலைப் பாதியாக்க, ஒரு பிக்சலுக்கான மாதிரிகளை நாலு மடங்காக்க வேண்டும் என்பதையும் 64, 256, 1024 என்று ஓடவிட்டால் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

நிறுவுவது பைதானின் பிப் கருவி கொண்டு ஒரே வரி. சிக்கல் அதற்கு அடுத்த அடியில். சிபியூவில் வேகமாக ஓட எல்.எல்.வி.எம். கம்பைலர் நூலகத்தைப் பயன்படுத்தும் வேரியன்டுக்கு (இயங்குமுறைக்கு) அந்த நூலகம் தனியாக நிறுவப்பட்டிருக்க வேண்டும், பிப் அதைக் கொண்டுவராது. நிறுவிய பிறகும் கண்ணில் படவில்லை என்று அடம்பிடித்தால், நூலகக் கோப்பின் முழுப் பாதையைச் சூழல் மாறியில் கொடுக்க வேண்டும். ஆய்வகக் கணினிகளில் இதை முன்கூட்டியே செய்து வைக்காவிட்டால் முதல் வகுப்பு இதிலேயே போய்விடும். அதுவரை ஒவ்வொரு கணக்காகச் செய்யும் ஸ்கேலார் வேரியன்டில் ஓட்டலாம். வேகம் குறைவு, ஆனால் வேறு எதையும் கேட்காது.

மாணவர்கள் சறுக்கும் இடங்கள் ஏறக்குறைய முன்பே தெரிந்தவை. ரெண்டர் தருவது நேரியல் ஒளி மதிப்பு. அதைத் திரைக்கேற்ப மாற்றும் காமா திருத்தம் இல்லாமல், படம் காட்டும் மேட்பிளாட்லிப் நூலகத்தில் காட்டினால் படம் இருண்டு கிடக்கும், உடனே விளக்கைக் கூட்டுவார்கள். நேரம் அளப்பதும் அப்படித்தான். அடியில் ஓடும் டாக்டர் ஜிட் என்ற கம்பைலர் கணக்கைக் குறித்து வைத்துக்கொண்டு, விடை தேவைப்படும்போதுதான் இயக்கும். மதிப்பை வலிந்து கேட்காமல் கடிகாரம் வைத்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் வரும். முதல் ஓட்டத்தில் கம்பைல் நேரமும் சேர்வதால் அந்த அளவைத் தள்ளிவிட்டு இரண்டாவதை எடுக்க வேண்டும்.

பைதானிலேயே சொந்தமாக ஒரு பி.எஸ்.டி.எஃப். (பரப்பு ஒளியை எந்தத் திசையில் எவ்வளவு சிதறடிக்கிறது என்ற விதி) எழுதச் சொல்வது நல்ல பயிற்சி. மதிப்பெண் போவது, ஒளி சாயும் கோணத்தின் கொசைனில். மதிப்பைக் கணக்கிடும் செயற்கூறு கொசைனையும் சேர்த்தே திருப்ப வேண்டும்; திசையைத் தேர்ந்தெடுக்கும் செயற்கூறு திருப்பும் எடை ஏற்கெனவே நிகழ்தகவு அடர்த்தியால் வகுக்கப்பட்டிருக்க வேண்டும். பாடநூல் சூத்திரத்தைப் பார்த்து இரண்டையும் இன்னொரு முறை செய்தால் படம் அழகாகத்தான் வரும், ஆற்றல் கணக்கு மட்டும் இடிக்கும். எல்லாப் பக்கமும் 1 என்ற சீரான ஒளி சூழ, எதிரொளிப்பு 1 உள்ள, எல்லாத் திசையிலும் ஒளியைச் சிதறடிக்கும் டிஃப்யூஸ் கோளத்தை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோளம் பின்னணியில் கரைந்து மறையாவிட்டால் நிரலில் பிழை.

இதன் தனிச்சிறப்பு, ரெண்டரையே வகையிட முடிவது, அதாவது காட்சியின் ஒரு மதிப்பை மாற்றினால் படம் எவ்வளவு மாறும் என்று கணக்கிட முடிவது. சிவப்புச் சுவரின் நிறத்தை மாற்றி வைத்துவிட்டு, மூலப் படத்தைக் கொண்டு பிழையைப் படிப்படியாகக் குறைக்கும் ஆடம் ஆப்டிமைசரால் மீட்பது ஒரு மணிநேர வகுப்பில் அடங்கும். கற்றல் வீதம் (ஒரு படியின் அளவு) 0.05 போதும். ஒவ்வொரு சுற்றிலும் நிறத்தை 0க்கும் 1க்கும் இடையில் வெட்டி, பிறகு காட்சியின் அளபுருக்களைப் புதுப்பிக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை விட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது, இழப்பு (மூலப் படத்தோடு உள்ள வேறுபாடு) மட்டும் இறங்காமல் நிற்கும். நிறத்தில் வெற்றி கண்டவர்கள் அடுத்துப் பொருளின் வடிவத்தில் கைவைப்பார்கள். அங்கே வகையிடலுக்கான சாதாரண பி.ஆர்.பி. இன்டக்ரேட்டர் தவறான சரிவைத் (வகைக்கெழுவைத்) தரும்: பொருளின் விளிம்பு நகரும்போது பிக்சல் மதிப்பு சட்டென்று தாவுகிறது, அந்தத் தாவல் அதன் கணக்கில் இல்லை. விளிம்புக்கென்றே உள்ள ப்ரொஜெக்டிவ் வகைக்கு மாற வேண்டும்.

ஆவணங்கள் நோட்புக் வடிவில் தெளிவாக இருக்கின்றன. ஆனால் பதிப்புக்குப் பதிப்பு செயற்கூறுகளின் பெயர் மாறும். பருவம் தொடங்கும் நாளில் ஒரு பதிப்பு எண்ணை உறுதி செய்து, எல்லா மாணவரையும் அதையே நிறுவச் சொல்லிவிடுங்கள்.