கிண்டிலில் ஒரு மாயப்புனைவுத் தொடர்: தொடக்க கால விற்பனையும் விளம்பரமும்

தமிழில் மாயப்புனைவு (ஃபேன்டசி) தொடர் ஒன்றை அமேசானின் சுயவெளியீட்டுத் தளமான கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங் (கேடிபி) வழியாக நானே வெளியிட்டு, அதன் விற்பனையையும் வாசிப்பையும் சில ஆண்டுகளாகக் கவனித்து வந்ததில், ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு ஐயமில்லை. முதல் பாகம் மட்டும் கையில் இருக்கும்போது விளம்பரத்துக்காகச் செலவிடும் பணமும் உழைப்பும் பெரும்பாலும் வீண். இரண்டாம் பாகம் வெளிவந்த பிறகுதான் முதல் பாகத்துக்கான விளம்பரம் பலன் தரத் தொடங்குகிறது. தனி நாவலோ கட்டுரைத் தொகுப்போ எழுதுபவர்களுக்கு இது பொருந்தாமல் போகலாம். மாயப்புனைவு வாசகர் தொடர்களைத் தேடி வருபவர். கதை பாதியில் நின்றுவிடுமோ என்ற அச்சம் அவருக்கு எப்போதும் உண்டு.

ஆங்கிலத்தில் இது முன்பே தெரிந்த செய்திதான். 2010இல் கிண்டிலில் தன் நாவல்களைத் தானே வெளியிடத் தொடங்கிய அமெரிக்க எழுத்தாளர் அமாண்டா ஹாக்கிங், தொடரின் முதல் நூலுக்கு 99 சென்ட்டும் அடுத்தவற்றுக்குக் கூடுதல் விலையும் வைத்தார். மறு ஆண்டே செயின்ட் மார்ட்டின்ஸ் பதிப்பகம் அவரைத் தேடி வந்தது. ஆனால் அந்தச் சந்தையின் அளவு வேறு, நம்முடையது வேறு. கிண்டில் தமிழை முறையாக ஏற்றதே 2016 டிசம்பரில்தான். அதற்கு ஓராண்டுக்கு மேல் முன்பே, 2015 செப்டம்பரில், கிண்டில் அன்லிமிடெட் சந்தா (மாதக் கட்டணம் கட்டி அதிலுள்ள நூல்களை வாசிக்கலாம், வாசித்த பக்கங்களுக்கேற்ப எழுத்தாளருக்குப் பணம் வரும்) இந்தியாவுக்கு வந்திருந்தது. தமிழ் மின்னூல் வாசகர்களில் பெரும்பகுதியினர் இந்தச் சந்தாவின் வழியாகவே வாசிக்கிறார்கள் என்பதை என் கணக்கில் விழும் எண்களே காட்டுகின்றன. ஆகவே நம்முடைய கணக்கைத் தனியாகத்தான் போட வேண்டும்.

முதலில், நம் நூலை அந்தச் சந்தாவுக்குள் கொண்டுபோகும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்வதா வேண்டாமா என்ற கேள்வி. சேர்ந்தால் 90 நாள்களுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் கிடைக்கக் கூடாது; காலம் முடிந்ததும், நாம் நிறுத்தாவிட்டால், தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். பிரதிலிபி போன்ற செயலிகளிலோ சொந்தத் தளத்திலோ தொடராக எழுதியவர்கள் அவற்றை முன்கூட்டியே நீக்கிவிட வேண்டும். சுமார் பத்து விழுக்காடு வரை மாதிரியாக விட்டுவைக்கலாம். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. இந்தியாவில் நடக்கும் விற்பனைக்கு 70 விழுக்காடு ராயல்டி வேண்டுமென்றால் இத்திட்டத்தில் சேர்ந்தே ஆக வேண்டும். சேராதவருக்கு 35 விழுக்காடுதான். தமிழில் எழுதுபவருக்கு வெளியே விற்கும் வாய்ப்புகள் மிகக் குறைவு என்பதால், என்னைப் பொறுத்தவரை இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

விலை வைக்கும்போது பலரும் ஒரு கணக்கைக் கவனிப்பதில்லை. 49 ரூபாய் நூல் 35 விழுக்காட்டில் விற்றால், வரி போக நம் கைக்கு வருவது பதினைந்து ரூபாயைக்கூட எட்டாது. அதே நூலைச் சந்தாதாரர் ஒருவர் முழுவதுமாக வாசித்தால், பக்கத்துக்குச் சுமார் பத்துப் பைசா என்று வைத்துக்கொண்டாலும், நானூறு பக்க நாவலுக்கு நாற்பது ரூபாய் வருகிறது. 99 ரூபாய் வைத்து 70 விழுக்காடு வாங்கினால் கிடைப்பது ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட தொகை. அதாவது, விலையைக் குறைத்து வாங்க வைப்பதைவிடக் கடைசிப் பக்கம் வரை வாசிக்க வைப்பதே நமக்கு லாபம். நாட்டுடைமையாக்கப்பட்ட பெரும் நாவல்கள் இலவசமாகவும் மிகக் குறைந்த விலையிலும் குவிந்து கிடக்கும் இடத்தில், விலையில் போட்டியிட்டு நாம் வெல்லப் போவதும் இல்லை. (சந்தாப் பக்கத்துக்கான தொகை மாதந்தோறும் மாறும், ஒரே வாசகர் அதே நூலை மறுபடி வாசித்தால் அதற்குப் பணம் இல்லை.)

70 விழுக்காட்டுத் திட்டத்தில் கோப்பின் அளவுக்கேற்ப, இந்தியத் தளத்தில் ஒரு எம்பிக்கு ஏழு ரூபாய் வீதம், அனுப்பும் கட்டணம் பிடிக்கப்படுகிறது. வெறும் எழுத்து மட்டும் உள்ள நாவலுக்கு இது பொருட்டே அல்ல. ஆனால் மாயப்புனைவு என்றால் முகப்பில் ஒரு நில வரைபடம் இருந்தாக வேண்டும் என்பது எழுதப்படாத வழக்கம். ஓவியர் தந்த வரைபடத்தை அப்படியே சேர்த்தால் கோப்பு பெருத்துவிடும். வண்ணமில்லாத கிண்டில் கருவித் திரையில் மலைத்தொடரின் மேல் எழுதிய ஊர்ப்பெயர்கள் சாம்பல் திட்டுகளாகத் தெரியும். இப்போது நான் வரைபடத்தைக் கறுப்பு வெள்ளையில், தடித்த கோடுகளோடு, மூன்று நான்கு ஊர்ப்பெயர்களுக்கு மேல் இல்லாமல் வரையச் சொல்லி வாங்குகிறேன்.

வரைபடத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. விலைக்கு வாங்கும் முன் வாசகர் இலவசமாகப் பார்க்கும் மாதிரி, நூலின் தொடக்கத்திலுள்ள சுமார் பத்து விழுக்காடுதான். அணிந்துரை, நன்றியுரை, கதைமாந்தர் பட்டியல், வம்சாவளி, சொல் விளக்கம் எல்லாவற்றையும் முன்னால் அடுக்கினால், வாசகர் கதையின் முதல் வரிக்கு வருவதற்குள் மாதிரி தீர்ந்துபோகும். என் நூல்களில் வரைபடத்தைத் தவிர மற்ற அனைத்தும் கடைசிக்குப் போய்விட்டன. கடைசிப் பக்கத்துக்கு அடுத்ததாக, நன்றியுரைக்கும் முன்பாக, அடுத்த பாகத்துக்கான இணைப்பு இருக்கிறது. இதுவரை நான் செய்த விளம்பரங்களிலேயே செலவு குறைந்ததும் பலன் மிகுந்ததும் அந்த ஒற்றை வரிதான்.

செலக்ட் திட்டத்தில் 90 நாள்களுக்கு ஐந்து நாள்கள் நூலை இலவசமாகக் கொடுக்கலாம். இதைப் பயன்படுத்துபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த நாள் அமெரிக்கப் பசிபிக் நேரப்படி தொடங்குகிறது என்பது. நமக்கு அது பகல் 12.30 மணி, அங்கே குளிர்காலமானால் 1.30. சனிக்கிழமை இலவசம் என்று காலையிலேயே வாட்ஸப் குழுக்களில் செய்தி போட்டால், காப்பி குடித்துக்கொண்டே இணைப்பைத் தொடுபவருக்கு விலைதான் தெரியும். அவர் மதியம் மறுபடி வரமாட்டார். இலவசப் பதிவிறக்கங்களுக்குத் தரவரிசைப் பட்டியலும் தனி. இலவசப் பட்டியலில் எவ்வளவு உயரம் ஏறினாலும், விலைக்கு வந்த மறுநாள் அந்த இடம் கூட வராது. முதல் பாகம் மட்டும் இருந்தபோது நான் இலவசமாகக் கொடுத்த நாள்களில் பதிவிறக்கம் நன்றாகவே இருந்தது. அதன் பின் எதுவும் நடக்கவில்லை. இரண்டாம் பாகம் வந்த பிறகு அதே நூலை அதே வகையில் கொடுத்தபோது, ஓரிரு வாரங்களில் இரண்டாம் பாகத்தில் சந்தாதாரர்கள் வாசித்த பக்கங்களின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது.

இந்தப் பக்க எண்ணிக்கையை நாள்வாரியாகக் கோடுகளாகக் காட்டும் கேடிபி அறிக்கையை வாசிக்கக் கற்றுக்கொள்வது விற்பனை எண்ணைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது. தமிழ் நூல்களுக்கு அன்றாட எண்ணிக்கை சிறியது என்பதால், தனித்தனி வாசகர்களின் நடையைக்கூட ஊகிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலின் மொத்தப் பக்க அளவுக்கு ஏறக்குறைய இணையான ஒரு கோடு எழுந்து, மறுநாள் இரண்டாம் பாகத்தில் அதே உயரத்தில் இன்னொன்று எழுந்தால், யாரோ ஒருவர் விடாமல் வாசித்திருக்கிறார் என்று கொள்ளலாம். மாறாக, வெவ்வேறு நாள்களில் அறுபது, எழுபது பக்கங்களோடு கோடுகள் நின்றுகொண்டே இருந்தால், பலரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நூலை மூடிவிடுகிறார்கள் என்று பொருள். எனக்கு அந்த இடம், நாயகி தலைநகருக்குள் நுழையும் முன் வரும் நீண்ட அரச வரலாற்று அத்தியாயம். அதைச் சுருக்கித் திருத்திய கோப்பை ஏற்றிய பின் அந்தக் குட்டைக் கோடுகள் குறைந்தன. வாசகர் இணையத்தில் இல்லாதபோது வாசித்த பக்கங்கள் கருவி இணைந்த பிறகே கணக்கில் ஏறும் என்பதால், ஒரு நாள் எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

காசு கொடுத்துச் செய்யும் விளம்பரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். குறிப்பிட்ட எண்ணிக்கையில் பதிவிறக்கம் உறுதி என்று சொன்ன ஒருவரிடம் ஒரு முறை பணம் கொடுத்தேன். எண்ணிக்கை வந்தது, ஒரு பக்கம்கூட வாசிக்கப்பட்டதற்கான அறிகுறி இல்லை. பதிவிறக்கத்தையோ வாசிப்பையோ உறுதியளித்து விற்பவர்களின் பக்கமே போகாதிருப்பது நல்லது. செயற்கையாக ஏற்றிய எண்ணிக்கைக்காகக் கணக்கையே முடக்கும் அதிகாரம் தளத்துக்கு உண்டு. மதிப்புரைகளிலும் அதே எச்சரிக்கை தேவை. குடும்பத்தினரும் நெருங்கிய நண்பர்களும் மதிப்புரை எழுதக் கூடாது. நீ எனக்கு எழுது, நான் உனக்கு எழுதுகிறேன் என்ற ஏற்பாட்டுக்கும் இடமில்லை. தமிழ் எழுத்தாளர் வட்டத்தில் இந்த இரண்டையும் நீக்கினால் மிச்சம் என்ன இருக்கும் என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானதுதான். வாட்ஸப்பில் இரண்டு பத்தி பாராட்டி எழுதுபவர், நூலின் பக்கத்துக்குப் போய் இரண்டு வரி எழுதமாட்டார். நட்சத்திரம் மட்டும் இடும் வசதி வந்த பிறகு நிலைமை ஓரளவு தேறியிருக்கிறது.

வெளிநாட்டு வாசகர்களைக் கணக்கில் கொள்ளாமல் விலை வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்கத் தளத்தில் 2.99 டாலருக்குக் கீழே போனால் 35 விழுக்காடுதான். இந்திய விலையை அப்படியே டாலராக மாற்றும் பெட்டியைத் தொட்டுவிட்டு நகர்ந்தால் அங்கேதான் போய் நிற்போம். அங்குள்ள தமிழ் வாசகர் மூன்று டாலருக்கு முகம் சுளிப்பதை நான் பார்த்ததில்லை. அமெரிக்க விற்பனைக்கான வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகையைக் கோரினால், 30 விழுக்காட்டுக்குப் பதில் 15 விழுக்காடுதான் பிடிப்பார்கள். பணம், விற்ற மாதம் முடிந்து ஏறத்தாழ அறுபது நாள்கள் கழித்து வங்கிக்கு வருகிறது.

மூன்றாம் பாகத்துக்கு முன்பதிவு வைக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். வைக்கவில்லை. முன்பதிவுகள் பதிவாகும் நாளிலேயே தரவரிசையில் சேர்ந்துவிடுவதால், நம் சிறிய எண்ணிக்கை பல வாரங்களுக்குச் சிதறி, வெளியாகும் நாளில் உதவாது. சந்தாதாரர்களால் முன்பதிவு நூலை எடுத்து வாசிக்கவும் முடியாது. ஆகவே மூன்றாம் பாகம் வெளியாகும் வாரத்திலேயே முதல் பாகத்தை இரண்டு நாள் இலவசமாகக் கொடுத்துவிட்டு, மீதமுள்ள மூன்று நாள்களை அடுத்த மாதத்துக்கு வைத்திருக்கிறேன்.